உபரி இருக்கிறது, கையில் பணம் இல்லை: தொண்டு நிறுவன, அரசுக் கணக்கியலில் சிக்கினால் எங்கே பார்ப்பது

வணிகக் கணக்கியலை நன்றாகப் படித்தவர்கள்கூட இந்தப் பாடத்தில் திணறுகிறார்கள். பற்று, வரவு, பேரேடு, இருப்பாய்வு எல்லாம் அவர்களுக்குக் கைவந்தவை. ஆனாலும் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையையோ ஒரு மாநகராட்சியின் நிதி அறிக்கையையோ விரித்தால், எண்கள் பழகியவையாகவும் அவை சொல்லும் சேதி பழகாததாகவும் இருக்கிறது. வணிக நிறுவனத்தின் கணக்கு "எவ்வளவு சம்பாதித்தோம்" என்ற கேள்விக்காக எழுதப்படுகிறது. இங்கே கேள்வியே வேறு: இது யார் கொடுத்த பணம், எதற்காகக் கொடுத்தார்கள், அதற்குத்தான் செலவானதா, மிச்சத்தை இப்போது தொடலாமா? முதல் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது கேள்விக்கு எழுதிய கணக்கைப் படிப்பதால் வருபவைதான் கீழே உள்ள சிக்கல்களில் பெரும்பாலானவை.

எந்த இடத்தில் முட்டுகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் பார்த்துவிடுவது நல்லது. அங்கே பிழை இருந்தால் மற்ற எதைத் திருத்தியும் பயனில்லை. எடுத்துக்காட்டுத் தொகைகளை எந்த நாணயமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

## "என் விடை புத்தகத்தின் விடையோடு ஒத்துப்போகவில்லை"

கூட்டல் கழித்தலைச் சரிபார்ப்பதற்கு முன், எந்த விதித் தொகுப்பின்படி கணக்கு போடுகிறீர்கள் என்று பாருங்கள். பாடநூல்களிலும் இணைய வகுப்புகளிலும் பெரும்பங்கு அமெரிக்க விதிகளைப் பின்பற்றுபவை. அங்கேயே மூன்று வாரியங்கள் இருக்கின்றன. தனியார் தொண்டு நிறுவனங்களுக்கு ஃபாஸ்பி (FASB), மாநில, உள்ளாட்சி அரசுகளுக்கு 1984 முதல் காஸ்பி (GASB), மத்திய அரசுக்கு 1990-இல் அமைந்த ஃபாசாப் (FASAB). ஒரே மாதிரி இயங்கும் இரண்டு மருத்துவமனைகளில் ஒன்று தனியார் தொண்டு அமைப்பு, இன்னொன்று அரசுடையது என்றால், முதலாவது ஃபாஸ்பி விதிப்படியும் இரண்டாவது காஸ்பி விதிப்படியும் கணக்கு எழுதும். பிரிட்டனின் அறக்கட்டளைகளுக்கு சார்ப் (SORP) என்ற தனி நடைமுறை உண்டு. உலக அளவில் அரசுகளுக்கென்று இப்சாஸ் (IPSAS) தரநிலைகள் இருக்கின்றன. கனடாவின் தொண்டு நிறுவன விதிகள், கட்டுப்பாடுள்ள நன்கொடையைச் செலவாகும் ஆண்டு வரை தள்ளிவைத்து வருவாயாகக் காட்டும் முறையையும் அனுமதிக்கின்றன. அமெரிக்க விதி அதை அனுமதிப்பதில்லை. ஆகவே இரண்டு நூல்களில் ஒரே கேள்விக்கு இரண்டு விடை இருப்பதில் வியப்பில்லை.

அடுத்து, நூல் எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள். "தற்காலிகக் கட்டுப்பாடுள்ளவை, நிரந்தரக் கட்டுப்பாடுள்ளவை, கட்டுப்பாடற்றவை" என்று நிகரச் சொத்தை (சொத்தில் பொறுப்பைக் கழித்த மீதி) மூன்றாகப் பிரித்திருந்தால் அது பழைய நூல். 2016-இல் ஃபாஸ்பி அதை இரண்டாக்கிவிட்டது: கொடையாளர் கட்டுப்பாடு உள்ளவை, இல்லாதவை. அதேபோல் அமெரிக்க உள்ளாட்சிகளின் விரிவான ஆண்டறிக்கைக்குப் பல ஆண்டுகளாக இருந்த பெயரை 2021-இல் காஸ்பி மாற்றியது. பழைய பெயரோடு ஓர் அறிக்கை கிடைத்தால் அது வேறு ஆவணமோ என்று குழம்ப வேண்டாம்.

விதியும் பதிப்பும் ஒத்துப்போன பிறகும் விடை மாறினால்தான் பிழை உங்கள் பக்கம்.

## "ரொக்கத்திலிருந்து வருவாய்க்கு மாற்றும்போது ஒவ்வொரு முறையும் குறி தப்பாகிறது"

பெறுதல்கள் மற்றும் செலுத்தல்கள் கணக்கு ஒரு ரொக்க ஏடு. வருவாய் மற்றும் செலவினக் கணக்கு அந்த ஆண்டுக்கு உரியதை மட்டும் எடுப்பது. இந்த வேறுபாட்டை எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஆனால் சந்தாவைச் சரிக்கட்டும்போது எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்பதில் தடுமாறுவார்கள்.

காரணம், சூத்திரத்தை மனப்பாடம் செய்வது. அதை விட்டுவிட்டு ஒரு சந்தா பேரேட்டுக் கணக்கைத் திறந்து விடுபட்ட எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஆண்டில் ரொக்கமாக வந்தது 84,000. ஆண்டுத் தொடக்கத்தில் உறுப்பினர்கள் வைத்திருந்த பாக்கி 6,000, முன்கூட்டி வந்திருந்தது 4,000. ஆண்டிறுதியில் பாக்கி 9,000, முன்கூட்டி வந்தது 3,000.

பாக்கி என்பது நமக்குச் சொத்து. தொடக்கப் பாக்கி 6,000 பற்றுப் பக்கம் நிற்கும். முன்கூட்டி வந்தது பொறுப்பு. தொடக்கத்தில் இருந்த 4,000 வரவுப் பக்கம். ரொக்கம் 84,000 வரவுப் பக்கம். ஆண்டிறுதி இருப்புகள் எதிர்ப்பக்கத்தில் கீழே இறக்கப்படும்: பாக்கி 9,000 வரவுப் பக்கம், முன்கூட்டியது 3,000 பற்றுப் பக்கம். வரவுப் பக்கத்தின் கூட்டு 97,000. பற்றுப் பக்கத்தில் இதுவரை 9,000. குறையும் 88,000-தான் இந்த ஆண்டின் சந்தா வருவாய்.

சரியா என்று பார்க்க ஒரு சோதனை: ஆண்டில் பாக்கி கூடியிருக்கிறது, முன்பணம் குறைந்திருக்கிறது. இரண்டுமே வருவாயை ரொக்கத்தைவிட அதிகமாக்கும். 84,000-க்கும் குறைவாக விடை வந்திருந்தால் எங்கோ குறி புரண்டிருக்கிறது. சம்பளம், வாடகை, எழுதுபொருள் எல்லாவற்றுக்கும் இதே முறை செல்லும். பக்கங்கள் மட்டும் மாறும்.

## "போன வருடம் பெரிய உபரி, இந்த வருடம் பற்றாக்குறை. நிறுவனம் சரிகிறதா?"

தொண்டு நிறுவன அறிக்கையைப் படிப்பவர்கள் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இதுதான் என்பது என் கருத்து. அதனால் நேரும் கேடும் பெரியது. நன்றாக நடக்கும் ஒரு நிறுவனத்தைப் பற்றாக்குறை என்ற ஒரு சொல்லைப் பார்த்துக் கொடையாளர்கள் கைவிடலாம்.

ஒரு கொடையாளர் மூன்று ஆண்டு எழுத்தறிவுத் திட்டத்துக்கென்று 30 லட்சம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேறு நிபந்தனை இல்லை. ஃபாஸ்பி விதிப்படி அந்த 30 லட்சமும் முதல் ஆண்டிலேயே வருவாய். ஆண்டுக்கு 10 லட்சம் வீதம் செலவாகிறது. முதல் ஆண்டு மொத்தக் கணக்கில் 20 லட்சம் உபரி. இரண்டாம் ஆண்டு 10 லட்சம் பற்றாக்குறை. மூன்றாம் ஆண்டும் அப்படியே. நிறுவனம் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது. ஆனால் மொத்த வரியை மட்டும் படிப்பவருக்கு முதலில் செழிப்பும் பிறகு சரிவும் தெரியும்.

இதைச் சரிசெய்ய, அறிக்கையின் மொத்தப் பத்தியை (நெடுவரிசையை) விட்டுவிட்டுக் கட்டுப்பாடு இல்லாத பத்தியை முதலில் படியுங்கள். நன்கொடை வந்தபோது 30 லட்சம் கட்டுப்பாடுள்ள பத்தியில் நுழைந்தது. 10 லட்சம் செலவானதும், கட்டுப்பாடு நிறைவேறிவிட்டதால் அந்த 10 லட்சம் அங்கிருந்து விடுவிக்கப்பட்டுக் கட்டுப்பாடு இல்லாத பத்திக்கு வரும். செலவு அங்கேதான் எழுதப்படும். ஆக அந்தப் பத்தியில் 10 வந்தது, 10 போனது, மாற்றம் பூஜ்யம். மூன்று ஆண்டும் பூஜ்யம். உண்மை நிலை இதுதான்.

கணக்கு எழுதும்போது இதே இடத்தில் நேரும் பிழை, செலவைக் கட்டுப்பாடுள்ள பத்தியில் நேரடியாகக் கழிப்பது. எண் சரியாக வந்துவிடும் என்பதால் பிழை கண்ணில் படாது. அமெரிக்க விதிப்படி செலவுகள் அனைத்தும் கட்டுப்பாடு இல்லாத பத்தியில்தான் வரும். விடுவிப்பு வரியைப் பாருங்கள்: ஒரு பத்தியில் கழித்ததும் மறு பத்தியில் கூட்டியதும் சமமாகி, மொத்தப் பத்தியில் பூஜ்யம் வர வேண்டும். வரவில்லையென்றால் அந்த வரியிலிருந்து பின்னோக்கித் தேடுங்கள்.

## "நன்கொடை உறுதி கிடைத்தது, வருவாயாக எழுதினேன், தணிக்கையாளர் எடுக்கச் சொல்கிறார்"

கட்டுப்பாட்டையும் நிபந்தனையையும் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கட்டுப்பாடு என்பது பணத்தை எதற்கு, எப்போது செலவிடலாம் என்பது. நிபந்தனை என்பது பணம் நமக்கு உரியதாகுமா என்பதையே முடிவு செய்வது. 2018-இல் ஃபாஸ்பி தந்த விளக்கப்படி நிபந்தனைக்கு இரண்டு அடையாளங்கள் சேர்ந்து வேண்டும்: தாண்ட வேண்டிய ஒரு தடை இருக்க வேண்டும், தாண்டாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கவோ தராமல் விடவோ கொடையாளருக்கு உரிமை இருக்க வேண்டும்.

"இந்தப் பணத்தை நூலகத்துக்குச் செலவிடுங்கள்" என்பது கட்டுப்பாடு, உடனே வருவாய். "வேறு கொடையாளர்களிடமிருந்து 5 லட்சம் திரட்டினால் நானும் 5 லட்சம் தருவேன், இல்லாவிட்டால் இல்லை" என்பது நிபந்தனை. திரட்டி முடிக்கும்வரை வருவாய் இல்லை. அதற்குள் முன்பணமாகக் கையில் வந்திருந்தால் அது திருப்பித் தரவேண்டிய பொறுப்பாக நிற்கும். கடிதத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும், ரசீது வைக்க வேண்டும் என்பன போன்ற நிர்வாக வேண்டுகோள்கள் இருந்தால் அவை தடை ஆகா.

கொடைக் கடிதத்தைக் கையில் எடுத்து, திருப்பிக் கேட்கும் உரிமை எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் பெரும்பாலும் அது கட்டுப்பாடு மட்டுமே.

## "மொத்த இருப்புநிலைக் குறிப்பு சமன்படுகிறது, ஒவ்வொரு நிதியமாகப் பார்த்தால் சமன்படவில்லை"

நிதியம் என்பது ஒரு நோக்கத்துக்கென்று பிரித்துவைத்த பணம். ஒவ்வொன்றும் தன்னளவில் ஒரு முழுக் கணக்கு. தனக்கென்று சொத்து, பொறுப்பு, இருப்பு எல்லாம் உண்டு. தனியாகவே சமன்பட வேண்டும். மொத்தம் சமன்பட்டு உள்ளே சமன்படாவிட்டால், இரண்டு நிதியங்களுக்கு இடையில் நடந்த ஏதோ ஒன்றை ஒரே பதிவில், பற்றை ஒரு நிதியத்திலும் வரவை மற்றதிலும் எழுதியிருக்கிறீர்கள்.

பொது நிதியம், குடிநீர் நிதியத்தின் மின்கட்டணம் 2 லட்சத்தைக் கட்டுகிறது. தவறான பதிவு: குடிநீர் நிதியத்தில் மின்கட்டணம் பற்று, பொது நிதியத்தில் ரொக்கம் வரவு. சரியானது இரண்டு பதிவு. பொது நிதியத்தில், குடிநீர் நிதியத்திடமிருந்து வரவேண்டியது பற்று, ரொக்கம் வரவு. குடிநீர் நிதியத்தில், மின்கட்டணம் பற்று, பொது நிதியத்துக்குத் தரவேண்டியது வரவு.

எல்லா நிதியங்களிலும் "வரவேண்டியது" என்பதைக் கூட்டுங்கள், "தரவேண்டியது" என்பதையும் கூட்டுங்கள். இரண்டும் ஒன்றாக வேண்டும். மாற்றித் தந்தவை, மாற்றிப் பெற்றவை ஆகியவற்றுக்கும் இதே சோதனைதான். இரண்டும் சமம், ஆனாலும் உறுத்துகிறது என்றால், திரும்பி வராத பணத்தைக் கடன் என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். ஆண்டுக்காண்டு வளர்ந்துகொண்டே போகும் உள்கடன், உண்மையில் ஒரு நிதியம் இன்னொன்றைச் சுமக்கிறது என்பதன் அடையாளம்.

## "கட்டடம் வாங்கினோம், நிதிய அறிக்கையில் கட்டடமே இல்லை; கடன் வாங்கினோம், அது வரவுபோல் நிற்கிறது"

அரசுக் கணக்கியலின் நடு முடிச்சு இது. அவிழ்க்கப் பொறுமை வேண்டும், ஆனால் அவிழ்த்துவிட்டால் மிச்சம் எளிது.

அமெரிக்க உள்ளாட்சி அறிக்கையில் ஒரே நடவடிக்கை இரண்டு பார்வையில் சொல்லப்படுகிறது. பொது நிதியம் போன்ற அரசு வகை நிதியங்கள் கிட்டத்தட்ட இப்போது செலவிடக்கூடிய வளத்தை மட்டும் பார்க்கும். அக்ரூவல் என்பது ரொக்கம் எப்போது கைமாறியது என்று பார்க்காமல், உரிய ஆண்டில் எழுதும் முறை. இந்த நிதியங்களுக்கு அதைச் சற்றுத் திருத்திய அக்ரூவல் முறை. கட்டடத்தைச் செலவிட முடியாது, ஆகவே அது அங்கே சொத்து அல்ல. 20 ஆண்டுக் கடனை இந்த ஆண்டு தீர்க்க வேண்டியதில்லை, ஆகவே அது அங்கே பொறுப்பும் அல்ல. 1999-இல் வந்த காஸ்பியின் 34-ஆம் அறிக்கை இதோடு இரண்டாவது பார்வையைச் சேர்த்தது: அரசு முழுமைக்குமான அறிக்கை. அது முழு அக்ரூவல். கட்டடம், சாலை, நீண்டகாலக் கடன், தேய்மானம் எல்லாம் அங்கே வரும்.

எண்ணில் பார்ப்போம். 50 லட்சத்துக்குக் கடன் பத்திரம் வெளியிட்டு அதே தொகைக்குக் கட்டடம் வாங்கியாயிற்று. ஆயுள் 20 ஆண்டு, எஞ்சும் மதிப்பு இல்லை. ஆண்டிறுதியில் அசலில் 5 லட்சமும் வட்டி 3 லட்சமும் கட்டியாயிற்று.

நிதியப் பார்வையில்: கடன் பத்திரத் தொகை "பிற நிதி ஆதாரம்" என்று 50 கூடும். மூலதனச் செலவு 50 குறையும். அசல் 5, வட்டி 3 செலவு. நிகர மாற்றம் 8 லட்சம் குறைவு.

முழுமைப் பார்வையில்: கடன் வாங்கியதும் கட்டடம் வாங்கியதும் செலவும் அல்ல, வருவாயும் அல்ல. தேய்மானம் 2.5, வட்டி 3. நிகர மாற்றம் 5.5 லட்சம் குறைவு.

எட்டிலிருந்து ஐந்தரைக்கு வரும் பாதைதான் சரிகட்டும் பட்டியல். நிதிய மாற்றம் −8. அங்கே ஆதாரமாகக் கூட்டிய கடனை நீக்கு, −50. செலவாகக் கழித்த கட்டடத்தைத் திரும்பக் கூட்டு, +50. தேய்மானத்தைக் கழி, −2.5. கடனைத் தீர்த்த அசலைக் கூட்டு, +5. விடை −5.5.

இந்தப் பட்டியலை எந்த உள்ளாட்சி அறிக்கையிலும் காணலாம். பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். போகாதீர்கள். ஓர் அரசு இந்த ஆண்டு என்ன கட்டியது, எவ்வளவு கடன் வாங்கியது, எவ்வளவு தீர்த்தது என்பது அந்த ஒரு பக்கத்தில் வெளிப்படையாக இருக்கிறது. பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் "இது ஏன் கூட்டல், ஏன் கழித்தல்" என்று புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு வாக்கியம் சொல்ல வந்துவிட்டால் இந்த முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. குடிநீர், பேருந்து போன்ற கட்டணம் வாங்கி நடத்தும் நிதியங்களுக்கு இந்த இரட்டைப் பார்வை கிடையாது. அவை தொடக்கத்திலிருந்தே முழு அக்ரூவல். கட்டடம் அங்கே சொத்தாகவே நிற்கும். கேள்வித்தாளில் நிதியத்தின் வகையைப் படிக்காமல் பதிவு எழுதினால் மொத்தமும் தவறிவிடும்.

## "சொத்து வரி வருவாய் இரண்டு அறிக்கையில் இரண்டு விதமாக இருக்கிறது"

மேலே சொன்ன அதே இரட்டைப் பார்வைதான். ஆனால் இங்கே ஒரு காலக்கெடு சேர்கிறது. விதித்த வரி 100 லட்சம், வராது என்று மதிப்பிட்டது 2 லட்சம். ஆண்டுக்குள் வந்தது 85, ஆண்டு முடிந்து முதல் 60 நாளில் வந்தது 6, அதற்குப் பிறகு வரப்போவது 7. முழுமைப் பார்வையில் வருவாய் 98 லட்சம். நிதியப் பார்வையில் 91 லட்சம். மீதி 7 லட்சம் தள்ளிவைக்கப்பட்ட உள்வரவு, அதாவது இந்த ஆண்டு வருவாயாக எடுக்காமல் நிறுத்திவைத்தது. சொத்து வரிக்கு 60 நாள் என்பது காஸ்பி விதி. மற்ற வரிகளுக்கு எத்தனை நாள் என்பதை அந்த அரசே வரையறுத்துக் குறிப்புரையில் சொல்லியிருக்கும். 98 − 91 என்ற வேறுபாடு தள்ளிவைத்த தொகைக்குச் சமமானால் போதும், வேறெங்கும் தேட வேண்டாம்.

## "பட்ஜெட்டில் பணம் இருப்பதாகக் காட்டியது, பில் வந்ததும் போதவில்லை"

ஒதுக்கீட்டிலிருந்து செலவை மட்டும் கழித்திருக்கிறீர்கள். ஆர்டர் போட்டு இன்னும் பொருள் வராதவற்றையும் கழிக்க வேண்டும். இதற்குத்தான் எங்கம்பரன்ஸ் என்று பிடித்துவைக்கும் பதிவு இருக்கிறது. ஒதுக்கீடு 20 லட்சம், செலவு 12, ஆர்டரில் நிற்பது 5 என்றால் இன்னும் செலவிடக்கூடியது 3 லட்சமே, 8 அல்ல.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. பொருள் வந்து பில்லைச் செலவாக எழுதியவர், ஆர்டருக்கெனப் பிடித்துவைத்ததை நீக்க மறந்துவிடுவார். அப்போது ஒரே பொருள் இரண்டு முறை கழிந்து, பணம் இருந்தும் இல்லாததுபோல் தெரியும். பில் 5-க்குப் பதில் 4.8 ஆக வந்தாலும் நீக்க வேண்டியது முதலில் பிடித்த 5 முழுவதையும்தான். பிடித்துவைத்த தொகை செலவும் அல்ல, பொறுப்பும் அல்ல. ஆண்டறிக்கையின் செலவுக் கூட்டுத்தொகைக்குள் அது வந்திருந்தால் வெளியே எடுங்கள்.

## "விகிதம் எல்லாம் நன்றாக இருக்கிறது, சம்பளம் போட முடியவில்லை"

பகுப்பாய்வில் நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவது இதை. சம்பளம் கிடைக்காமல் போவது அங்கே வேலை செய்பவர்களுக்கு. சேவை நின்றுபோவது அதை நம்பியிருப்பவர்களுக்கு. ஒரு விகிதத்தைத் தவறாகப் படித்ததன் விலையை அவர்கள்தான் கொடுக்கிறார்கள்.

ஒரு தொண்டு நிறுவனத்தின் நிகரச் சொத்து 180 லட்சம். மாதச் செலவு 10 லட்சம். வணிகப் பழக்கத்தில் வகுத்தால் 18 மாதம் தாங்கும் என்று விடை வரும். இப்போது பிரித்துப் பாருங்கள். கொடையாளர் கட்டுப்பாடு உள்ளது 90. மீதி 90-இல் கடனில்லாத கட்டடமும் கருவிகளும் 70. ஆக நிர்வாகம் தன் விருப்பப்படி எடுத்துச் செலவிடக்கூடியது 20 லட்சம். இரண்டே மாதம். நிறுவனம் பொய் சொல்லவில்லை. வகுத்தவர் தவறான எண்ணை மேலே வைத்துவிட்டார்.

2016 மாற்றத்தில் ஃபாஸ்பி ஒரு நல்ல காரியம் செய்தது. இருப்புநிலைத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் பொதுச் செலவுக்கு எவ்வளவு நிதிச் சொத்து கிடைக்கும் என்பதைக் குறிப்புரையில் சொல்லியாக வேண்டும். முதலில் அந்தக் குறிப்புரையைத் தேடுங்கள். அது இல்லாத நாட்டு அறிக்கை என்றால் மேலே செய்ததுபோல் நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். கட்டடத்தின் மேல் கடன் இருந்தால் கட்டட மதிப்பில் கடனைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் நீக்க வேண்டும். முழு மதிப்பையும் நீக்கினால் நிலைமை இருப்பதைவிட மோசமாகத் தெரியும்.

திட்டச் செலவு விகிதம் இன்னொரு வழுக்குமிடம். நூறில் 90 நேரடியாகச் சேவைக்குப் போகிறது என்றால் மனம் குளிர்கிறது. ஆனால் பொருளாக வந்த நன்கொடையை எடுத்துவிட்டு மறுபடி கணக்கிடுங்கள். ஒரு நிறுவனம் ரொக்கமாக 60 லட்சம் செலவிடுகிறது: திட்டங்களுக்கு 40, நிர்வாகத்துக்கும் நிதி திரட்டவும் 20. விகிதம் 67 சதவீதம். இதோடு 140 லட்சம் மதிப்புள்ள மருந்துகள் நன்கொடையாக வந்து விநியோகமாயின. இப்போது 200-இல் 180, அதாவது 90 சதவீதம். நிர்வாகம் எதையும் மாற்றவில்லை. மருந்துக்கு யார் என்ன மதிப்பு போட்டார்கள் என்பதைப் பொறுத்து விகிதம் நகர்ந்துவிட்டது. 67 சதவீதம் என்பதும் குறையல்ல. நல்ல கணக்காளரையும் தணிக்கையையும் பயிற்சியையும் வெட்டிவிட்டு உயர்த்திய விகிதம் எந்தச் சேவையையும் மேம்படுத்தாது. ஒரே நிறுவனத்தை ஐந்து ஆண்டுக்கு ஒப்பிடுங்கள். வெவ்வேறு வேலை செய்யும் இரண்டு நிறுவனங்களை இந்த ஒரு எண்ணால் ஒப்பிடாதீர்கள்.

## "அரசின் பட்ஜெட் ஆண்டுதோறும் சமன்படுகிறது, கடனும் ஆண்டுதோறும் ஏறுகிறது"

நிதிய அறிக்கையில் வருவாய், செலவு, அதற்குக் கீழே பிற நிதி ஆதாரங்கள் என்று வரிசை இருக்கும். கடைசி வரியைப் பார்த்துச் சமநிலை என்று முடிவுகட்டாமல், பிற ஆதாரங்கள் தொடங்குவதற்கு முன் உள்ள இடைக்கூட்டைப் பாருங்கள். அந்த எண் பொது நிதியத்தில் பல ஆண்டுகள் தொடர்ந்து குறைவாகவே இருந்தால், அன்றாடச் செலவைக் கடனாலோ சொத்து விற்பனையாலோ வேறு நிதியத்திலிருந்து மாற்றியோ ஈடுகட்டுகிறார்கள். கட்டுமான நிதியத்தில் அதே குறைவு இயல்பானது. அங்கே கடன் வாங்கிக் கட்டுவதுதான் வேலையே.

1975-இல் நியூயார்க் மாநகரம் கடன் சந்தையிலிருந்து ஒதுக்கப்பட்டு நின்றதற்கு முன் நடந்தது இதுதான். அன்றாடச் செலவுகள் மூலதன பட்ஜெட்டுக்குள் வைக்கப்பட்டன. வரப்போகும் வருவாயைக் காட்டிக் குறுகியகாலக் கடன் மேல் கடன் வாங்கப்பட்டது. காகிதத்தில் சமநிலை இருந்தது. அந்த ஆண்டு ஜூனில் மாநில அரசு தனி நிதி உதவிக் கழகம் ஒன்றை அமைத்துக் கைகொடுக்க வேண்டியதாயிற்று.

கையிருப்பை மதிப்பிட, பொது நிதியத்தின் இருப்பை அப்படியே எடுக்க வேண்டாம். 2009-இல் வந்த காஸ்பியின் 54-ஆம் அறிக்கை அதை ஐந்தாகப் பிரிக்கிறது: செலவிட முடியாதது, வெளியார் கட்டுப்பாடு உள்ளது, அரசின் உச்ச அமைப்பு தீர்மானம் போட்டுக் கட்டுப்படுத்தியது, ஒரு நோக்கத்துக்கென எண்ணியது, எதற்கும் ஒதுக்காதது. நெருக்கடியில் கைகொடுப்பவை பின்னால் உள்ளவை. அமெரிக்க அரசு நிதி அலுவலர்கள் சங்கம் பரிந்துரைக்கும் அளவு, கட்டுப்பாடற்ற இருப்பு குறைந்தது இரண்டு மாத வருவாய் அல்லது செலவுக்கு இணையாக இருப்பது.

இதன் மறுபக்கமாக ஒரு பயம் வரும்: நிதிய இருப்பு நன்றாக இருக்கிறது, ஆனால் அரசு முழுமைக்குமான அறிக்கையில் கட்டுப்பாடற்ற நிகர நிலை (தொண்டு நிறுவனத்தில் நிகரச் சொத்து போன்றது) பெரிய எதிர்மறை எண்ணாக நிற்கிறது. பெரும்பாலும் ஓய்வூதியப் பொறுப்பு காரணம். 2012-இல் வந்த 68-ஆம் அறிக்கைக்குப் பிறகு நிகர ஓய்வூதியப் பொறுப்பு அங்கே முழுமையாக ஏறுகிறது. அடுத்த மாதம் பணம் தீரும் என்று பொருளல்ல. பல பத்தாண்டுகளுக்கான வாக்குறுதிக்கு இன்னும் பணம் ஒதுக்கவில்லை என்று பொருள். ஓய்வூதியத்துக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கணக்கிடும் கணிப்பாளர் (ஆக்சுவரி) கேட்ட தொகையை அரசு ஆண்டுதோறும் கட்டுகிறதா என்பதைப் பின்னிணைப்பில் உள்ள பத்தாண்டு அட்டவணையில் பாருங்கள். கட்டிவருபவருக்கும் தவிர்த்துவருபவருக்கும் அந்த எதிர்மறை எண் ஒன்றுபோலத் தெரியலாம், இரண்டும் ஒன்றல்ல.

## "தன்னார்வலர்களின் உழைப்பை எழுதலாமா, கூடாதா?"

சொத்து ஒன்றை உருவாக்கியோ மேம்படுத்தியோ இருந்தால் எழுதலாம். அல்லது தனித்திறன் தேவைப்படும் வேலையாக, அத்திறன் உள்ளவரே செய்ததாக, இலவசமாகக் கிடைக்காவிட்டால் விலைக்கு வாங்கியிருக்க வேண்டியதாக இருந்தால் எழுதலாம். வழக்கறிஞர் வழக்கை நடத்தித் தந்தால் வருவாயும் செலவும் ஒரே தொகையில் வரும். அதே வழக்கறிஞர் உணவு பரிமாற வந்தால் கணக்கில் எதுவும் வராது.

## "வாசித்தால் புரிகிறது, தனியாக ஓர் அறிக்கையைக் கொடுத்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை"

பயிற்சிக் கணக்குகளில் தகவல் வடிகட்டித் தரப்படுகிறது. உண்மை அறிக்கையில் நீங்கள்தான் வடிகட்ட வேண்டும். அதற்குப் பழக்கம்தான் மருந்து. வெளியிடப்பட்ட ஓர் உள்ளாட்சி அறிக்கையையும் ஒரு தொண்டு நிறுவன அறிக்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறியதாக இருந்தால் நல்லது. தணிக்கையாளரின் கருத்தை முதலில் படியுங்கள். அதில் "இது தவிர மற்றவை சரி" என்ற பொருளில் "தவிர" என்ற சொல் வந்தால் அந்தப் பகுதியை நகலெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து எண்களுக்குப் போகாமல், முக்கியக் கணக்கியல் கொள்கைகளைச் சொல்லும் குறிப்புரைக்குப் போங்கள். எந்த விதி, எந்த நிதியங்கள், எத்தனை நாள் கெடு, எது சொத்தாகும் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

பிறகு ஒரே ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு அறிக்கை முழுக்கத் தொடருங்கள். தொண்டு நிறுவனத்தில் ஒரு கட்டுப்பாடுள்ள கொடை: எங்கே நுழைந்தது, எவ்வளவு விடுவிக்கப்பட்டது, மீதி குறிப்புரையில் எந்த நோக்கத்தின் கீழ் நிற்கிறது. உள்ளாட்சியில் ஒரு கடன் பத்திரம்: நிதிய அறிக்கையில் எந்த வரி, சரிகட்டும் பட்டியலில் எந்த வரி, முழுமை அறிக்கையில் எந்தப் பொறுப்பு, குறிப்புரையின் தவணை அட்டவணையில் அடுத்த ஆண்டு எவ்வளவு. நான்கு இடத்திலும் எண் ஒத்துவந்தால் இன்னொரு தொகையை எடுங்கள். ஒத்துவராத இடத்தில் நின்று, இது அறிக்கையின் எந்தப் பார்வையில் எழுதிய எண் என்று கேளுங்கள். அதற்கான வேறுபாடு பெரும்பாலும் சரிகட்டும் பட்டியலிலேயே பெயரோடு எழுதப்பட்டிருக்கும்.